குறைந்த மதிப்பெண்ணோடு உளவியல் ஆய்வுக்கு



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியம், கம்பன், திருக்குறள் என்று தலைப்பு வைப்பதுதான் வழக்கம். பிள்ளைப்பாக்கத்தில் வந்து உளவியல் பிஎச்.டி. சேர்க்கையைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னபோது குழுவினர் ஒரு நிமிடம் யோசித்தார்கள். பிறகு அவர்களே சொன்னார்கள்: இந்தச் சுற்றுவட்டாரத்து ஹாஸ்டல்களிலும் வாடகை அறைகளிலும் எம்.எஸ்சி. உளவியல் முடித்தவர்கள் இருக்கிறார்கள், அஞ்சல்வழியில் படித்தவர்கள்தான் அதிகம், தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதி மதிப்பெண் குறைந்ததும் "இது நமக்கானது இல்லை" என்று புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டார்கள் என்று. அவர்களை மனத்தில் வைத்துத்தான் பேசப்போகிறேன். மற்றவர்களும் கேட்கலாம், வீட்டில் ஒரு பிள்ளையாவது ஏதோ ஒரு நுழைவுத் தேர்வு எழுதிக்கொண்டுதான் இருக்கும்.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட இந்த சிப்காட் வட்டாரத்தில் அளவு என்றால் என்னவென்று நான் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. லைனுக்குப் புது கேஜ் ஒன்று வந்தால் எடுத்த எடுப்பில் பாகத்தை அளந்து ரிஜெக்ட் போடமாட்டீர்கள். முதலில் கேஜையே சோதிப்பீர்கள். அதே பாகங்களை இரண்டு மூன்று ஆபரேட்டர்கள், ஆளுக்கு இரண்டு மூன்று முறை, ஒருவர் எடுத்த அளவு மற்றவருக்குத் தெரியாமல் அளப்பார்கள். வந்த மொத்த வேறுபாட்டில் கருவியாலும் ஆளாலும் வந்தது 10 சதவீதத்துக்குள் என்றால் கேஜ் நல்லது. 10க்கும் 30க்கும் நடுவில் என்றால் வேலையின் தன்மை பார்த்துப் பயன்படுத்தலாம். 30ஐத் தாண்டினால் கேஜை ஓரமாக வைத்துவிட வேண்டும். கேஜ் ஆர் அண்டு ஆர் என்று தரப்பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒரு நட்டுக்குக் கிடைக்கிற இந்த நியாயம் நுழைவுத் தேர்வு எழுதுகிற மனிதருக்குக் கிடைப்பதில்லை. அவர் கையில் வரும் மதிப்பெண் அட்டையில் பிழை வரம்பு என்று ஒரு வரி இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், மனிதரை அளப்பதிலும் பிழை உண்டு, அதைக் கணக்கிட்டுத் திருத்த வேண்டும் என்று கணக்கோடு காட்டியதே உளவியல்தான். பின்னாளில் லண்டனில் பேராசிரியரான சார்லஸ் ஸ்பியர்மேன் 1904இல் எழுதிய கட்டுரையில் அதற்கான சூத்திரம் இருக்கிறது. அவரிடம் பயின்று வந்த எம்.வி. கோபாலசாமிதான் 1924இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கியவர்.  அதற்கும் முன்பே, 1922இல், லாகூரில் ஹெர்பர்ட் ரைஸ் பினே நுண்ணறிவுச் சோதனையை நம் பிள்ளைகளுக்கேற்ப மாற்றத் தொடங்கிவிட்டார். ஆக, இந்தியாவுக்கு உளவியல் வந்தபோதே சோதனைத்தாளும் கூடவே வந்துவிட்டது. அந்தத் துறைக்குள் நுழைய வருகிறவரிடம் "உன் மதிப்பெண்தான் நீ" என்று சொன்னால், சொல்கிறவர் முதலாண்டுப் பாடத்தையே மறந்துவிட்டார் என்று பொருள்.

இனி நடைமுறைக்கு வருவோம். முனைவர் பட்டச் சேர்க்கையைப் பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) இப்போதைய விதிமுறை 2022 நவம்பரில் வந்தது. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும்; பட்டியல் சாதியினர், பழங்குடியினர், கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதம் தளர்வு. பல்கலைக்கழகம் தானே நுழைவுத் தேர்வு நடத்தினால் பாதி வினாக்கள் ஆய்வு முறையியலிலிருந்தும் மறுபாதி பாடத்திலிருந்தும் வரவேண்டும். தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30. 2024 மார்ச்சில் யுஜிசி இன்னொரு படி போனது: தனித்தனி நுழைவுத் தேர்வுகளுக்குப் பதிலாக நெட் மதிப்பெண்ணையே பிஎச்.டி. சேர்க்கைக்குப் பயன்படுத்தலாம் என்றது. அன்றிலிருந்து நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது. முதல் வகை, ஜே.ஆர்.எஃப். உதவித்தொகையோடு தேறியவர்கள், இவர்களுக்கு நேர்காணல் மட்டும். இரண்டாம் வகை, உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. தகுதியும் பெற்றவர்கள். மூன்றாம் வகை, பிஎச்.டி.க்கு மட்டும் தகுதி பெற்றவர்கள். பின்னிரண்டு வகைக்கும் நெட் மதிப்பெண் 70, நேர்காணல் 30. இதில் ஒரு விசித்திரம். உதவிப் பேராசிரியர் தகுதி ஆயுள் முழுக்கச் செல்லும். பிஎச்.டி. சேர்க்கைக்கான மதிப்பெண் ஓராண்டில் காலாவதி ஆகிவிடும். கல்லூரியில் பாடம் நடத்த வாழ்நாள் முழுக்கப் போதுமான அறிவு, ஆய்வு மாணவராகச் சேர மட்டும் பன்னிரண்டு மாதத்தில் கெட்டுப்போகுமா? இதற்கு நான் இன்னும் சமாதானமான பதில் கேட்டதில்லை.

அந்த மூன்று வகை ஏற்பாட்டின் முதல் தேர்வே எப்படி நடந்தது என்பது நினைவிருக்கும். 2024 ஜூன் 18 அன்று நாடு முழுக்க எழுதினார்கள், மறுநாளே ரத்து. வினாத்தாள் கசிந்ததாக வந்த தகவலால் ரத்து செய்தார்கள். ஆதாரமாகக் காட்டப்பட்ட படம் திருத்தப்பட்டது என்று பிற்பாடு சிபிஐ சொன்னது. ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் முதல் வாரம் வரை கணினி வழியில் மறுபடி நடத்தினார்கள். பதிவு செய்தவர்கள் 11,21,225 பேர். எழுதியவர்கள் 6,84,224 பேர். அதாவது நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவே இல்லை. அதில் எத்தனை பேர் இரண்டாவது முறை விடுப்பு கேட்க முடியாதவர்கள், சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தே கேட்காமல் விட்டவர்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. முடிவில் ஜே.ஆர்.எஃப். 4,970 பேர், இரண்டாம் வகை 53,694 பேர், பிஎச்.டி.க்கு மட்டும் 1,12,070 பேர். எழுதியவர்களில் நான்கில் ஒருவருக்கு ஏதோ ஒரு கதவு திறந்திருக்கிறது. "நெட்டில் ஃபெயில்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பவர்களில் சிலர் உண்மையில் மூன்றாம் வகையில் தேறியவர்கள். முடிவை முழுதாகப் படித்துப் பாருங்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

இப்போது கணக்கு. மதிப்பெண்ணை அப்படியே சதவீதமாக்கி எடுத்துக்கொண்டால், ஒருவர் 300க்கு 180, இன்னொருவர் 150. வித்தியாசம் 30, பதினைந்து வினா. 70க்கு மாற்றினால் முன்னவருக்கு 42, பின்னவருக்கு 35. ஏழு மதிப்பெண் இடைவெளி. நேர்காணலில் முன்னவர் 15 வாங்கி, பின்னவர் 24 வாங்கினால் 57க்கு எதிராக 59. பின்னவர் உள்ளே போகிறார். பதினைந்து வினாவில் தோற்றவர் அரைமணி நேரப் பேச்சில் எழுந்துவிட முடியும். ஆனால் இது அவர் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டால்தான். பல இடங்களில் அழைப்புப் பட்டியலே மதிப்பெண் வரிசையில்தான் போடப்படுகிறது. ஒரே துறைக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மதிப்பெண் குறைவு என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்று மணி நேரம், 150 வினா. வினாவுக்கு 72 விநாடி. முதல் தாளில் 50 வினா, 100 மதிப்பெண். அது உளவியலே அல்ல. கற்பித்தல் திறன், படித்துப் புரிதல், கணக்கு, தர்க்கம், கணினி, சுற்றுச்சூழல், உயர்கல்வி அமைப்பு என்று பத்து அலகு. இரண்டாம் தாளில் 100 வினா, 200 மதிப்பெண், அதுதான் உளவியல். உளவியல் மாணவர்களில் பலர் முதல் தாளைத் தொடுவதே இல்லை. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் விட்டுவிட்டு "எனக்கு உளவியல் வரவில்லை" என்று வருத்தப்படுவது எந்த ஊர் நியாயம்? அந்த முதல் தாளின் தர்க்க அலகில் இந்திய அளவையியல் இருக்கிறது: காட்சி, அனுமானம், உவமானம் என்று பிரமாணங்கள். மணிமேகலையின் இருபத்தேழாம், இருபத்தொன்பதாம் காதைகளைப் படித்த தமிழ் மாணவர் அந்த வினாக்களைச் சிரித்துக்கொண்டே போடலாம். ஆனால் கோச்சிங் புத்தகத்தில் மணிமேகலை இல்லை. இன்னொன்று: தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது கிடையாது. ஆனாலும் வினாக்களைக் காலியாக விட்டுவிட்டு வருகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

மொழியைச் சொல்லாமல் விட முடியாது. மொழிப்பாடங்கள் தவிர மற்றவற்றுக்கு நெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். பீகார் மாணவர் தன் மொழியில் படித்துப் பதில் சொல்லலாம். திருவண்ணாமலை மாணவர் முடியாது. 72 விநாடியில் இருபது விநாடி வாக்கியத்தைப் பிரித்துப் படிப்பதில் போனால், அவருக்குக் கிடைத்த நேரம் 52 விநாடிதான். அந்த மதிப்பெண்ணில் உளவியல் எவ்வளவு, ஆங்கில வாசிப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்தக் கருவியும் இல்லை. பாடத்திட்டத்தின் முதல் அலகில் பகவத்கீதை, பௌத்தம், சூஃபி மரபு, ஒருங்கிணைந்த யோகம் எல்லாம் உண்டு. எட்டு மெய்ப்பாடுகளைத் தனி இயலாக வகுத்த தொல்காப்பியம் இல்லை. மருத்துவச் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வா என்று இத்தனை ஆண்டுகளாகச் சண்டை போடும் நாம், 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வையே எடுத்த நாம், முனைவர் பட்டத்துக்கு வந்த இந்தத் தேர்வைப் பற்றிப் பெரிதாக வாயே திறக்கவில்லை. ஆய்வு மாணவர்கள் எண்ணிக்கை குறைவு, ஓட்டும் குறைவு.

சரி, இந்த மாதிரித் தேர்வு உண்மையில் என்னத்தைத்தான் முன்கூட்டிச் சொல்கிறது? நம் நெட் பற்றிப் பேச அமெரிக்காவின் முதுநிலைச் சேர்க்கைத் தேர்வான ஜி.ஆர்.இ. பற்றிய ஆய்வுகள் உதவும், ஏனென்றால் அங்கே உளவியல் துறைகள் தங்கள் மாணவர்களையே வைத்துப் பார்த்திருக்கின்றன. 1997இல் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்கும் வெண்டி வில்லியம்ஸும் யேல் பல்கலைக்கழக உளவியல் துறையில் பன்னிரண்டு ஆண்டுகளில் சேர்ந்த 167 ஆய்வு மாணவர்களின் பதிவுகளை எடுத்தார்கள். ஜி.ஆர்.இ. மதிப்பெண் முதலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணோடு ஓரளவு பொருந்தியது. ஆய்வேட்டின் தரம், ஆராயும் திறன், படைப்பூக்கம், கற்பித்தல் என்று வழிகாட்டிகள் கொடுத்த மதிப்பீடுகளோடு பெரும்பாலும் பொருந்தவில்லை. பகுப்பாய்வுப் பகுதி மட்டும், அதுவும் ஆண் மாணவர்களுக்கு மட்டும், கொஞ்சம் பொருந்தியது. இதை எழுதிய ஸ்டெர்ன்பெர்க் சிறுவயதில் நுண்ணறிவுச் சோதனை என்றாலே நடுங்கியவர். யேலில் உளவியல் அறிமுகப் பாடத்தில் சி தரம் வாங்கியவர். பின்னாளில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானார்.

இந்தக் கதையைச் சொன்னால் கைதட்டல் வரும். ஆனால் இதோடு நிறுத்தினால் நான் உங்களை ஏமாற்றுகிறேன். 2001இல் நேதன் குன்செலும் உடனிருந்தோரும் 82,659 முதுநிலை மாணவர்களின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஜி.ஆர்.இ.க்கு முன்கணிப்பு வலிமை உண்டு, அதிலும் பாடத் தேர்வு மதிப்பெண்ணுக்கு மற்றவற்றைவிட அதிகம் என்று வந்தது. யேலில் ஏன் தெரியவில்லை? அங்கே வந்து சேர்ந்தவர்கள் அனைவரும் ஏற்கெனவே உயர்ந்த மதிப்பெண்ணில் வடிகட்டி எடுக்கப்பட்டவர்கள். தேர்ந்தெடுத்த பாகங்களை மட்டும் மேசையில் வைத்துக்கொண்டு அளந்தால், அவற்றுக்குள் கேஜ் பெரிய வித்தியாசம் காட்டாதுதான். ஆகவே என் கருத்து இது: இரண்டாம் தாளில், பாடத்தில், மதிப்பெண் குறைந்திருந்தால் அதை மதியுங்கள், உட்கார்ந்து படித்து மறுபடி எழுதுங்கள். புள்ளியியலும் சோதனையியலும் தெரியாமல் ஆய்வுக்குப் போனால் நான்காம் ஆண்டில் அழ வேண்டியிருக்கும். முதல் தாளிலும் வேகத்திலும் குறைந்திருந்தால் அதற்காக உங்களை நீங்களே ரிஜெக்ட் செய்துகொள்ள வேண்டாம். இரண்டு வினா, நான்கு மதிப்பெண் வித்தியாசத்தை அறிவின் வித்தியாசம் என்று எந்த உளவியலாளரும் சொல்லக்கூடாது.

தேர்வை ஒழித்துவிட்டு நேர்காணலை மட்டும் வைத்தால் நியாயம் வந்துவிடுமா? வராது. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அப்துல் நஃபே தலைமையிலான குழு எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணையும் நேர்காணல் மதிப்பெண்ணையும் சமூகப் பிரிவு வாரியாக ஒப்பிட்டுப் பார்த்தது. நேர்காணலில் பாகுபாட்டின் தடம் தெரிகிறது, அதன் எடையை 30இலிருந்து 15ஆகக் குறைக்கலாம் என்று 2016இல் பரிந்துரைத்தது. எழுத்துத் தாளுக்கு உங்கள் சட்டை தெரியாது, ஊர் தெரியாது, உச்சரிப்பு தெரியாது. எதிரே உட்கார்ந்திருக்கும் குழுவுக்கு எல்லாம் தெரியும். நானும் அந்த நாற்காலியில் நிறைய உட்கார்ந்தவன். நன்றாக ஆங்கிலம் பேசுகிறவருக்குக் குழு தானாகவே சாய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதை மாற்றியது ஒன்றே ஒன்றுதான்: வந்தவர் கையில் நல்ல கேள்வி இருந்தால், குழு மொழியை மறந்து கேள்விக்குள் இறங்கிவிடும்.

நல்ல கேள்வி என்று சொல்வது எளிது. ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். தூக்கத்தின் தரத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் வினாப்பட்டியல் ஒன்று 1989இல் பிட்ஸ்பர்கில் உருவானது. அதன் முதல் கேள்வி: கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் வழக்கமாக இரவு எத்தனை மணிக்குப் படுக்கப் போனீர்கள்? இங்கே ஒரு வாரம் ஏ ஷிஃப்ட், மறு வாரம் பி, அதற்கடுத்த வாரம் நைட் என்று சுற்றிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அவர் பேனாவை வைத்துக்கொண்டு யோசிப்பார். எந்த வாரத்தைச் சொல்வது? நைட் ஷிஃப்ட் முடிந்து காலை எட்டரைக்குப் படுத்தால் அது இரவா? ஹாஸ்டல் அறையில் ஆறு பேர், மூன்று ஷிஃப்ட். ஒருவர் அலாரம் இன்னொருவர் நடுத்தூக்கம். அவர் ஏதோ ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போவார், அந்த எண் கணினியில் ஏறும், சராசரி வரும், கட்டுரை வரும். இந்தக் கேள்வி இங்கே உடைகிறது என்று சென்னையில் குளிர்சாதன அறையில் இருக்கும் மாணவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். சுழல்முறை ஷிஃப்டில் இருப்பவருக்குத் தூக்கத்தை எப்படி அளப்பது, வாரத்துக்கொரு குறிப்பேடா, படுத்த நேரத்துக்குப் பதிலாக வேலை முடிந்த நேரத்திலிருந்து கணக்கா? ஒரு முனைவர் பட்டத்துக்கு இது தாராளம்.

உள்ளூர்க் கேள்வி சின்னக் கேள்வி என்ற தாழ்வுணர்ச்சி வேண்டாம். 1934 ஜனவரியில் பீகாரில் பெரும் பூகம்பம். அதற்குப் பிறகு கிளம்பிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் உடனுக்குடன் திரட்டி, 1935இல் பிரிட்டிஷ் உளவியல் இதழில் வெளியிட்டார். அதிர்வை உணர்ந்தும் சேதமே அடையாத ஊர்களில், இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற வதந்திகள் பரவியிருந்தன. பயந்துபோனவர்கள் ஏன் இன்னும் பயமுறுத்துவதைத் தேடி நம்ப வேண்டும்? நிலச்சரிவில் நேரடியாகப் பாதிக்கப்பட்ட டார்ஜிலிங்கில் அப்படி இல்லை என்று 1952இல் துர்கானந்த் சின்ஹா எழுதினார். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அமெரிக்காவில் லியோன் ஃபெஸ்டிங்கர் யோசித்தார்: அவர்கள் பயத்தைக் கூட்டிக்கொள்ளவில்லை, ஏற்கெனவே இருக்கும் பயத்துக்கு ஒரு காரணத்தைத் தேடுகிறார்கள். 1957இல் வந்த அவருடைய அறிதல் முரண்பாட்டுக் கோட்பாட்டின் வித்து அங்கேதான் விழுந்தது. இன்று நெட் மாணவர்கள் படிக்கிற கோட்பாடு அது.

2021 டிசம்பரில் நம் நெடுஞ்சாலையில் நடந்தது உங்களில் பலர் நேரில் பார்த்தது. ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லி ஹாஸ்டலில் உணவு ஒத்துக்கொள்ளாமல் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி கைபேசியில் ஓடியது, அது உண்மையல்ல. ஆனால் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு சாலையில் உட்கார்ந்தார்கள், தங்கும் இடங்களின் நிலை வெளியே வந்தது. அதை வதந்தி என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். கேட்க வேண்டியவர்கள் கேட்காத இடத்தில் ஒரு பொய்ச் செய்தி எப்படி உண்மையான குறைக்கு வாயாகிறது என்பது சமூக உளவியல் கேள்வி. ஜமுனா பிரசாத் இன்று இருந்தால் பேருந்து பிடித்து இங்கே வந்திருப்பார்.

நோக்கியாவையும் சொல்லிவிடுகிறேன். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி 2014 நவம்பர் 1 அன்று கைபேசி உற்பத்தியை நிறுத்திய ஆலை. அங்கே இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் இன்று நாற்பதைத் தொடுகிறார்கள். ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற சிற்றூரில் நூற்பாலை மூடியபோது மேரி யஹோடாவும் தோழர்களும் போய்த் தங்கி, வேலை போன பிறகு ஆண்கள் தெருவில் எவ்வளவு மெதுவாக நடக்கிறார்கள் என்பதுவரை கடிகாரம் வைத்து அளந்தார்கள். 1933இல் வந்த அந்த நூல் இன்றும் பாடம். நம் மரியன்தால் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

கேள்வி கிடைத்த பிறகு வழிகாட்டி. விதிப்படி ஒரு பேராசிரியர் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு பேர், உதவிப் பேராசிரியர் நான்கு பேர் வரைதான் எடுக்கலாம். ஆகவே இடம் காலியாக இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு: மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான வழிகாட்டுதலில் ஆய்வு செய்ய விழைகிறேன், இணைப்பில் என் தன்விவரம். பெயரை மாற்றி ஐம்பது பேருக்கு அனுப்பியிருப்பார் என்று தெரியும். பதில் போட மனம் வராது. மாறாக, "சுழல் ஷிஃப்டில் வேலை செய்கிறேன், உங்கள் இன்ன கட்டுரையில் பகல்வேலை ஊழியர்களிடம் பயன்படுத்திய வினாப்பட்டியலை என் ஹாஸ்டலில் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன், முதல் கேள்வியிலேயே இப்படிச் சிக்கல் வந்தது, நெட்டில் மூன்றாம் வகையில் தேறியிருக்கிறேன், மதிப்பெண் குறைவு, டிசம்பரில் மறுபடி எழுதுகிறேன்" என்று பத்து வரி வந்தால் எந்த ஆசிரியரும் நிமிர்ந்து உட்காருவார். மதிப்பெண்ணை மறைக்க வேண்டாம். அதற்குக் குடும்பக் கதையும் வேண்டாம். ஒரு வரி போதும். மறைத்தால் குழு துருவும், நீட்டினால் குழு சலிக்கும்.

எங்கே விண்ணப்பிப்பது? சென்னை, அண்ணாமலை, பாரதியார், பெரியார் பல்கலைக்கழகங்களில் உளவியல் துறைகள் இருக்கின்றன. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பயன்முறை உளவியல். இங்கேயே, ஸ்ரீபெரும்புதூரில், 1993இல் தொடங்கி 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. அங்கும் பயன்முறை உளவியல் உண்டு. நெடுஞ்சாலையில் பேருந்தில் போகும்போது அந்த வாயிலைத் தினமும் பார்க்கிறவர்கள் உள்ளே போய் விசாரித்ததில்லை. மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய நினைப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த பயிற்சியும் பதிவும் வேண்டும், பிஎச்.டி. மட்டும் வைத்துக்கொண்டு பலகை மாட்ட முடியாது.

வேலையை விடாமல் படிக்கலாமா? பகுதிநேர பிஎச்.டி.க்கு விதியில் இடம் உண்டு. அதற்கு வேலை தரும் நிறுவனத்தின் தடையின்மைச் சான்று வேண்டும்: படிக்க அனுமதிக்கிறோம், பணிக்கிடையில் ஆய்வுக்கு நேரம் உண்டு, தேவைப்பட்டால் பாடநெறிக் காலத்தில் விடுவிப்போம் என்று எழுதித் தர வேண்டும். நிரந்தரப் பணியாளர் மனிதவளப் பிரிவின் முன் நின்று கேட்கலாம். ஒப்பந்தத் தொழிலாளர் யாரிடம் கேட்பது? சம்பளம் போடும் காண்டிராக்டரிடமா, வேலை வாங்கும் ஆலையிடமா? காண்டிராக்டர் அடுத்த ஆண்டு மாறினால் அந்தச் சான்று செல்லுமா? விதி எழுதியவர்கள் மனத்தில் அரசு அலுவலர்தான் இருந்திருக்கிறார். இங்கே இருக்கும் தொழிற்சங்கத் தோழர்கள் ஊதியக் கோரிக்கைகளுக்கு நடுவில் இதையும் ஒரு வரியாக வைத்தால் என்ன? பெண்களுக்கு ஒரு செய்தி: ஆறு ஆண்டு வரம்புக்கு மேல் நீட்டிப்போடு இன்னும் இரண்டு ஆண்டு சலுகையும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் விதியிலேயே உண்டு. கேட்டால்தான் தருவார்கள்.

பணம்தான் குறைந்த மதிப்பெண்ணின் உண்மையான தண்டனை. ஜே.ஆர்.எஃப். கிடைத்தவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டாண்டுக்குப் பிறகு 42,000. கிடைக்காதவருக்கு மத்தியப் பல்கலைக்கழகத்தில் 8,000. மாநிலப் பல்கலைக்கழகத்தில் பலருக்கு அதுவும் இல்லை. வீட்டுக்குப் பணம் அனுப்புகிற பெண் 8,000க்கு எப்படி வருவார்? இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகத்தின் முனைவர் பட்ட உதவித்தொகைக்கு உளவியலாரும் விண்ணப்பிக்கலாம். நிறையப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. வெளிநாடு என்றால், ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் பிஎச்.டி. பல இடங்களில் சம்பளமுள்ள வேலையாகவே விளம்பரப்படுத்தப்படுகிறது, ஜி.ஆர்.இ. கேட்பது அபூர்வம். அமெரிக்காவிலும் கொரோனாக் காலத்துக்குப் பின் ஏராளமான உளவியல் துறைகள் ஜி.ஆர்.இ.யைக் கைவிட்டன, துறைவாரியாக, ஆண்டுவாரியாகப் பார்க்க வேண்டும். அங்கே பரிந்துரைக் கடிதம்தான் கனம். நம் ஆசிரியர்கள் எல்லா மாணவருக்கும் ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றிக் கொடுப்பதை நிறுத்தினாலே பாதிப் பேருக்கு இடம் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று, இது எனக்குக் கோபம் தருவது. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக்கூடாது, புதிய சேர்க்கை கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. நோயாளிகளோடு பழகும் தொழிலுக்கு நேரடிப் பயிற்சி வேண்டும் என்ற காரணம் சரிதான்; அஞ்சல்வழியில் ஒருவர் ஆற்றுப்படுத்துநராகிவிட முடியாது. ஆனால் அதே கத்தி, ஷிஃப்டுக்கு நடுவில் உளவியல் படித்து ஆய்வுக்கு வரக்கூடிய ஒரே பாதையையும் வெட்டிவிட்டது. சிகிச்சை செய்பவரும் ஆய்வு செய்பவரும் ஒருவரே என்று எண்ணிப் போட்ட ஆணை. மாலைநேர முதுகலை வகுப்பு ஒன்றை இந்த வட்டாரத்தில் எந்தக் கல்லூரியாவது தொடங்கினால் அதுதான் மாற்று.

அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். எனக்குத் தர வைத்திருக்கும் மதிப்பூதியத்தை இங்கேயே விட்டுச் செல்கிறேன். நெட் விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,150, பிற்படுத்தப்பட்டோருக்கு 600, பட்டியல் பிரிவினருக்கு 325 ரூபாய். சிலருக்காவது அதைக் கட்டுங்கள். ஏ ஷிஃப்ட் மதியம் விடுகிறது, பி ஷிஃப்ட் இரவு பத்துக்கு. இரவு எட்டு மணிக்குப் பூட்டுகிற நூலகம் பி ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்கு எந்த நாளும் திறந்திருக்காது. இந்த மண்டபத்தின் பின்னறையை இரவு பன்னிரண்டு வரை திறந்து வைத்து, இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், பத்தாண்டு வினாத்தாள்கள், புள்ளியியல் புத்தகம் நான்கைந்து போடுங்கள். ஹாஸ்டல் பேருந்து நேரத்தை மட்டும் வார்டன்களிடம் பேசி மாற்ற வேண்டியிருக்கும். அந்தப் பேச்சுக்கு என்னையும் கூட்டிப் போகலாம்.